பக்கவாத்தியம்

கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று தோழிகள் கேட்டால், நான் ‘டூயட்’ என்று சொல்வதில்லை. 1994இல் பாலசந்தர் எடுத்த படம், ரஹ்மான் இசை. அந்தக் கல்யாண வசந்த ராகத்தைப் பழவேற்காட்டின் கல்யாண வீட்டு மைக்செட்டுகள் தேயத் தேயப் போட்டன. சுகமான வாசிப்புதான். ஆனால், அண்ணனும் தம்பியும் ஒரே பெண்ணுக்காக ஏங்கும் கதைக்கு அளந்து வெட்டிய துண்டுகள் அவை. ராகம் மூச்சு விடுவதற்குள் பாட்டு வந்துவிடும்.

நான் சொல்வது அவருடைய கச்சேரிப் பதிவுகளை. அதிலும் ஏ. கன்யாகுமாரி வயலின் வாசித்தவற்றை. சாக்ஸபோன் சாவி வைத்த கருவி. விரலை மாற்றினால் ஸ்வரம் படி தாண்டுவதுபோல் தாவும். நம் சங்கீதத்துக்கோ ஸ்வரம் வழுக்க வேண்டும், அசைய வேண்டும். கோபால்நாத் அதை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். தந்தி மேல் விரல் இயல்பாகவே வழுக்கும் என்பதால், அவர் பாடுபட்டு வளைத்த இடத்தைக் கன்யாகுமாரி அலட்டிக்கொள்ளாமல் திருப்பித் தருவார். ஆலாபனையை கோபால்நாத் நிறுத்தியதும் வயலினின் முறை. அந்தச் சில நிமிடங்கள் சாக்ஸபோன் மடியில் சும்மா இருக்கும். சபை முழுக்க ஒரு பெண்ணின் யோசனையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

முறை என்றதும் எனக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒன்று உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கும் ஊர் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவரிடமே தங்காமல் சுற்றி வரும் என்று ஆய்வாளர்கள் மெச்சுவார்கள். நியாயம்தான், ஆண்களுக்குள். பாடு ஆண் பேரில்தான் விழும். அப்பா போனபின் எங்கள் வீட்டில் அம்மாவோடு நான்கு பெண்கள் இருந்தோம், பாடு இல்லை. அம்மா கரையில் மீன் எடுத்துப் பொன்னேரிக்குக் கூடை சுமந்தாள். இருளர் பெண்களுக்கு வலையே கிடையாது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடுவார்கள். வேலை முடியும்வரை வாய் திறக்க முடியாது.

இன்னொரு பதிவு, 2008இல் வந்த ‘கின்ஸ்மென்’. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்தது. இரண்டும் ஆல்டோ சாக்ஸபோன். ஒன்று விளிம்பு கூர்மையாக வெட்டும், மற்றது வளைந்து நழுவும். தலைப்பை நம் வழக்கில் சொன்னால் பங்காளிகள். அந்தப் பங்காளிகளுக்கு நடுவில் வயலினோடு உட்கார்ந்திருப்பவர் கன்யாகுமாரிதான்! எனக்குச் சிரிப்பு வந்தது. 2016இல்தான் அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். வயலின் கலைஞர்களில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். அத்தனை காலம் எடுத்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது லாவண்யா, சுப்புலட்சுமி சகோதரிகளின் சாக்ஸபோன். இருவரும் கோபால்நாத்திடம் கற்றவர்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். “எனக்கும் ஒண்ணு வேணும் சித்தி” என்கிறாள் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள். பேண்ட் செட்காரர் ஒருவர் தன் பழைய கருவியை விற்கப்போவதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.