தெருமுனைத் தோர்த்தா

மார்ச் 11, செவ்வாய். மெக்ஸிகோ சிட்டி

சில்பான்சிங்கோ மெட்ரோ வாசலில் காலை ஏழு மணிக்கே ஒரு மூன்று சக்கர வண்டி, அதன்மேல் பெரிய அலுமினிய அண்டா. மூடியைத் திறந்தால் குப்பென்று ஆவி. உள்ளே மக்காச்சோளத் தோகையில் சுற்றிய தமால்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தன. பன்றிக்கொழுப்பு சேர்த்து அடித்த மக்காச்சோள மாவு, நடுவில் கொஞ்சம் கோழியும் பச்சை சால்சாவும். அதுவரை எனக்கு எல்லாம் புரிந்தது. எனக்கு முன்னால் நின்ற கட்டடத் தொழிலாளி ஏதோ சொன்னார். வண்டிக்காரர் தோகையை உரித்து, ஒரு ரொட்டியைப் பிளந்து, தமாலை முழுசாக உள்ளே வைத்து அமுக்கிக் கையில் கொடுத்துவிட்டார். இட்லியை பன்னுக்குள் வைத்துத் தின்பதற்குச் சமம்.

“அதுக்குப் பேரு குவாஹோலோத்தா, அக்கா. எங்க குவாதலஹாராவுல இதச் சொன்னாலே சிரிப்பாங்க” என்றான் தம்பி. அங்கே ஐ.டி. வேலையில் இருக்கிறான், எனக்கு ஊரைக் காட்ட லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். அதற்குள் ‘எங்க குவாதலஹாரா’ ஆகிவிட்டது!

கூட ஒரு தம்ளர் அதோலே. அதுவும் மக்காச்சோள மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சிதான். மாவுக்குள் மாவு, அதை இறக்க இன்னொரு மாவு. பார்க்க அதிகம்தான். ஆனால் இந்த ஊரில் பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான். அதுவரை செங்கல் சுமக்கிற உடம்புக்கு இதைவிட மலிவாக, தட்டும் ஸ்பூனும் இல்லாமல், நடந்துகொண்டே தின்ன வேறென்ன இருக்கிறது? நான் சாக்லேட் கலந்த கஞ்சியை மட்டும் குடித்தேன். நல்ல ருசி.

மார்ச் 12, புதன்

கொந்தேசா என்ற பகுதியில் தமௌலீபாஸ் தெருவும் அல்ஃபோன்ஸோ ரெயெஸ் தெருவும் சந்திக்கிற முனையில் ஒரு வரிசை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆபீஸ்காரர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், எங்களைப் போல் போனைப் பார்த்துக்கொண்டே வழி கண்டுபிடித்தவர்கள். கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி, அதைச் சுற்றி ஏப்ரன் கட்டிய பெண்கள். ‘லா எஸ்கினா தெல் சிலாகில்’ என்று பெயர். இங்கே விற்பது ஒன்றே ஒன்று: சிலாகிலெஸ் வைத்த ரொட்டி, அதாவது தோர்த்தா.

சிலாகிலெஸ் என்பது வீடுகளில் முந்தின நாள் மிஞ்சிய மக்காச்சோளத் தட்டை ரொட்டியான தோர்த்தியாவைத் தீர்க்கிற வழி. காய்ந்துபோனதை முக்கோணமாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, கொதிக்கிற சால்சாவில் புரட்டுவார்கள். பச்சை சால்சாவுக்குத் தோமாத்தீயோ, செரானோ மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி. தோமாத்தீயோ வேறொன்றுமில்லை, நம் வயல் வரப்பில் காகிதக் கூடு போட்டுக்கொண்டு காய்க்கிற சொடக்குத் தக்காளியின் இனம். இங்கே பயிர் செய்து பெரிதாக்கிவிட்டார்கள். மிளகாய் இங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தது. தக்காளியின் பயணமும் இந்தக் கண்டத்தில் தொடங்கியதுதான். ஆகவே வண்டியிலிருந்து வந்த வாசனை எனக்கு அந்நியமாக இல்லை.

வண்டியை நெருங்க நெருங்க நான் அந்தப் பெண்ணின் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி பொலீயோ: இரு முனையும் கூம்பி, முதுகில் ஒரு கீறல். அதைப் பிளந்து உள்ளே மசித்த பீன்ஸை ஒரு இழுப்பு இழுத்தாள். பிரெட் தூளில் புரட்டிப் பொரித்த கோழித் துண்டு, மிலனேசா, ரொட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு கரண்டி சிலாகிலெஸ், சால்சா சொட்டச் சொட்ட. அதற்கும் மேலே கெட்டி க்ரீம், உதிர்த்த வெள்ளைச் சீஸ். மூட முடியாததை ஒரே அமுக்கில் மூடிக் காகிதத்தில் சுற்றிவிட்டாள். கேட்ட கேள்வி இரண்டுதான்: பச்சையா சிவப்பா, கோழியா கொச்சினீத்தாவா. பின்னது யுகாத்தான் பக்கத்துச் சமையல். அச்சியோத்தே விதையும் புளிப்பு ஆரஞ்சும் போட்டு ஊறவைத்து, நாராகப் பிரியும்வரை வேகவைத்த பன்றிக்கறி. தம்பி அதைச் சொன்னான். நான் கோழி, பச்சை.

உட்கார இடம் கிடையாது. ஒரு வீட்டு மதிலோரம் நின்று தின்றோம். முதல் கடியில் ரொட்டியின் மேல்தோல் நொறுங்கியது. அடுத்து க்ரீமின் குளிர்ச்சி, பிறகு சால்சாவின் புளிப்பும் சூடும், கடைசியில்தான் காரம். பாதி ஊறிய தோர்த்தியா ஒரு ஓரத்தில் குழைந்தும் இன்னொரு ஓரத்தில் மொறுமொறுத்தும் இருந்தது. சால்சா கீழே இறங்க இறங்க ரொட்டி அதைக் குடித்துக்கொண்டே போகிறது. அடிப்பாகத்துக்கு வரும்போது அங்கே தனித்தனியாக எதுவும் மிச்சமில்லை. இதை எழுதுகிற வரையில் என் தீர்ப்பு: அந்த அடிப்பாகம்தான் சாப்பாடு, மேலே உள்ளது முன்னுரை.

தெருவில் போன ஒரு முதியவர் எங்களைப் பார்த்து “ப்ரொவேச்சோ” என்று வாழ்த்திவிட்டு நடந்தார். இந்த ஊரில் சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அப்படி ஒரு வார்த்தை சொல்லித்தான் தாண்டிப் போகிறார்கள். வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாப்பிட்டதை இறக்க அவெனீதா ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி வந்தோம். பழைய குதிரைப் பந்தயத் திடலின் ஓடுபாதை மேலேயே போட்ட நீள்வட்டச் சாலை அது. நேராகப் போகிறோம் என்று நினைத்து நடப்பவர் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வார். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். வயிறு நிரம்பினால் மூச்சு வாங்குகிறது.

மார்ச் 13, வியாழன்

காலையில் வெறும் காபி. நேற்றைய கணக்கு இன்னும் தீரவில்லை.

கோதுமை ரொட்டிக்குள் மக்காச்சோளத்தை வைத்துத் தின்றதில் நினைவுக்கு வந்தவர், பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்று ஒருவர். அதிபர் போர்ஃபீரியோ தீயாஸ் காலத்து அரசியல்வாதி, பொறியாளர். 1899-இல் ஒரு புத்தகம் எழுதினார். மனித குலத்தை மூன்றாகப் பிரித்தார்: கோதுமை தின்பவர்கள், அரிசி தின்பவர்கள், மக்காச்சோளம் தின்பவர்கள். முன்னேறுகிற தகுதி முதல் கூட்டத்துக்கு மட்டும்தான் என்று முடிவும் கட்டினார். தன் நாட்டு ஏழைகள் பின்தங்கிக் கிடப்பதற்கு நிலம் பறிபோனது காரணமில்லை, தோர்த்தியாதான் காரணம். படித்த மேல்தட்டுக்கு இது வசதியான விளக்கமாக இருந்திருக்கும். அரிசிக்காரியான எனக்கு இந்த ஆள் மேல் தனிப்பட்ட முறையிலேயே கோபம் உண்டு.

அவர் கீழே தள்ளிய மக்காச்சோளத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று பாருங்கள். இங்கே அதை அப்படியே அரைப்பதில்லை. வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்ற பிறகுதான் அரைக்கிறார்கள். நிக்ஸ்தமால் என்பது அதுதான். ஸ்பெயின்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே நடக்கிற வேலை. சுண்ணாம்பு, தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்கு விதை மட்டும் போனது, சுண்ணாம்பு போகவில்லை. விளைவு, மக்காச்சோளத்தை மட்டுமே நம்பிய வட இத்தாலிய ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோய் வாட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. கோதுமைக்காரர்களுக்குத் தெரியாத வித்தையை மெக்ஸிகோவின் கிராமத்துப் பெண்கள் தினமும் அம்மிக்கல்லில் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்காகக் கோதுமையை இங்கே யாரும் விரட்டவுமில்லை. பொலீயோவுக்கு 1860-களின் பிரெஞ்சுப் படையெடுப்போடு உறவு சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும் இன்று அது இவர்கள் வீட்டுப் பிள்ளை. பயந்துபோனவருக்கு ‘பயம் தெளிய ஒரு பொலீயோ தின்னு’ என்பது இங்கே எல்லார் வாயிலும் வரும். 1985 செப்டம்பர் 19-இல் இந்த நகரம் இடிந்தது. 2017-இல் அதே தேதியில், காலையில் நிலநடுக்க ஒத்திகை நடத்தி முடித்த சில மணி நேரத்தில், மறுபடி ஆடியது. நாங்கள் நேற்று சுற்றிய கொந்தேசாவிலும் கட்டடங்கள் விழுந்தன. இப்படி ஆடுகிற ஊரில் அந்தப் பேச்சு வெறும் வேடிக்கை இல்லை.

ஆக, நேற்றைய ரொட்டியில் நான் கண்டது ஆடம்பரமில்லை, சிக்கனம். பழைய தோர்த்தியாவுக்குத் தட்டு தேவைப்பட்டது, ரொட்டி தட்டாயிற்று. தட்டையும் தின்றுவிடலாம், கழுவ ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

நகர மையமான சென்ட்ரோவில் ‘எல் குவாத்ரிலாதெரோ’. சூப்பர் அஸ்ட்ரோ என்ற முகமூடி மல்யுத்த வீரர் நடத்திப் பேர் வாங்கிய கடை. சுவரெல்லாம் முகமூடி. ‘கிளாடியேட்டர்’ என்றொரு தோர்த்தா, ஒரு கிலோவுக்கும் மேல்: முட்டை, சொரீஸோ, பேக்கன், மாட்டுக்கறி, கோழி, இன்னும் என்னென்னவோ. கால் மணி நேரத்தில் முடித்தால் காசு கிடையாது என்பது அதன் புகழ். பார்த்தோம், படம் எடுத்தோம், சின்னதாக வேறொன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். பந்தயத்துக்கென்று அடுக்கிய இறைச்சியில் ஒன்றுக்கொன்று பேச்சு இல்லை. முனைக் கடை வண்டியிலும் அடுக்குகிறார்கள்தான். ஆனால் அங்கே ஒரு அடுக்கை உருவினால் மற்றது தள்ளாடும்.

மார்ச் 15, சனி

மறுபடி முனைக் கடை. வரிசை இன்னும் நீளம், முகங்கள் வேறு. கறுப்புக் கண்ணாடி, கலைந்த தலை, யாரும் யாரோடும் பேசவில்லை. வெள்ளி இரவின் மெஸ்கால் எல்லாம் சனிக்கிழமைக் காலையில் இங்கே வந்து நிற்கிறது. போதை தெளியச் சிலாகிலெஸ்தான் மருந்து என்பதில் இந்த நாட்டில் கட்சி பேதம் கிடையாது. மதியத்துக்குள் சட்டி காலியாகிவிடும் என்பதால் மருந்துக்கும் நேரத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

இன்று நான் சிவப்பு. காய்ந்த மிளகாயின் ஆழம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் க்ரீமோடு சேரும்போது அடங்கிப் போகிறது. பச்சையின் புளிப்பு அடங்குவதில்லை. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறும்வரை இதே வாதம். குவாதலஹாராவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம், அவன் அதில் பெரும்பகுதி தூங்கினான்; நான் வாதத்தில் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு. குவாதலஹாரா

குவாஹோலோத்தாவைக் கேலி செய்தவனின் ஊர் இது. காலை பதினோரு மணிக்குத் தெருவில் பாதிப் பேர் கையில் ஆழமான தட்டு. உள்ளே பன்றிக்கறியும் பீன்ஸும் வைத்த ரொட்டி, குழம்பில் முங்கிக் கிடக்கிறது. தோர்த்தா அஹோகாதா. ரொட்டியின் பெயர் பிரோத்தே. புளிக்கவைத்த மாவு, பலகைபோல் தடித்த மேல்தோடு. அதனால்தான் தக்காளிக் குழம்பில் கிடந்தும் கரைவதில்லை. அதற்கு மேல் ஆர்போல் மிளகாய்க் குழம்பு தனி. எவ்வளவு முக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

“எனக்குப் பாதி போதும்” என்றான் தம்பி, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. நான் என் தட்டைக் காட்டி, முழுசாக முக்கச் சொன்னேன்.