வெனிஸில் மூன்று நாள்கள்: பதுவைக்கும் முனிவர் பிறந்த ஊருக்கும்

காண வேண்டியவை கடல் போல் விரிந்து கிடக்க, கையிலிருக்கும் நாள்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. தொலைதூரப் பயணம் மேற்கொள்வோர் அனைவர்க்கும் நேரும் இக்கட்டு இது. உரோமைத் திருப்பயணம் முடித்து வடக்கே வெனிஸ் நகர்வரை செல்லும் வாய்ப்பு நம் பங்குக் குடும்பங்களில் சிலருக்கு இன்று கிட்டுகிறது. அங்கே தங்க அவர்களுக்குக் கிடைப்பவை மூன்று அல்லது நான்கு நாள்களே. அந்நாள்களை எவ்வாறு பயன்படுத்துவது? என் தாயார், என் துணைவி, நான் ஆகிய மூவரும் சென்று வந்த அனுபவத்தையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே வாசகர்முன் வைக்கிறேன்.

வெனிஸ் நகரைப் பற்றி அறியாதார் இலர். நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இணைத்து நிற்கும் நீர்நகரம் அது. தெருக்களில் வண்டி வாகனம் கிடையாது. நடை, இல்லையேல் படகு. 828-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நற்செய்தியாளர் புனித மாற்குவின் திருப்பண்டங்களுக்காக எழுந்த பேராலயமே அந்நகரின் இதயம். பொன்னொளி வீசும் அதன் கூரைச் சித்திரங்களைக் காண ஒரு முற்பகல் போதாது. இரயில் நிலையத்தின் பெயர்கூடப் புனித லூசியா என்பதே. நிலையம் கட்டுவதற்காக அவ்விடத்திலிருந்த புனிதையின் ஆலயம் இடிக்கப்பட்டது. அவருடைய திருவுடல் அருகிலுள்ள புனித எரேமியா ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. நிலையத்தை விட்டு இறங்குவோர் பலர் அதை அறியாமலே கடந்து செல்கின்றனர். ஐந்து நிமிட நடைதான்.

நகருக்குள் தங்குவது செலவு மிகுந்தது. ஆதலால் நாங்கள் கடல் தாண்டிய நிலப்பகுதியாகிய மெஸ்த்ரேயில் தங்கினோம். அங்கிருந்து வெனிஸுக்கு இரயிலில் சுமார் பத்து நிமிடம். வெளியூர்களுக்குச் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதால் இது இரட்டை வசதி. முதல் நாளை வெனிஸுக்கே கொடுத்தோம். எஞ்சியவை இரண்டு நாள்கள்.

அந்த இரண்டு நாள்களுக்கு நான் வகுத்த திட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கே நகைப்பாக இருக்கிறது. பதுவை, வெரோனா, பத்தாம் பத்திநாதர் பிறந்த ரியேசே, பழம்பெரும் பேராலயம் கொண்ட தொர்ச்செல்லோ தீவு, நம் வீரமாமுனிவர் பிறந்த கஸ்திலியோனே என ஐந்து இடங்கள்! மணிக்கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுவதும் படித்த அவர், "ஏன் ஐயா, இதிலே ஓடுறதுக்கு நேரம் போட்டிருக்கே, செபிக்கிறதுக்கு எங்கே போட்டிருக்கே?" என்றார். நான் சிரித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை பதுவைக்குப் புறப்பட்டோம். மெஸ்த்ரேயிலிருந்து அரை மணி நேரப் பயணம். வண்டிகளும் அடிக்கடி உண்டு. உவரியிலும் புளியம்பட்டியிலும் கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும் நம் மக்கள் கூடிக் கொண்டாடும் கோடி அற்புதர் அந்தோனியார் துயில்கொள்ளும் ஊர் அது. 1195-இல் லிஸ்பன் நகரில் பிறந்த அவர், 1231 சூன் 13 அன்று இப்பதுவை அருகே உயிர்நீத்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே மாதத்தில், பாப்பரசர் 9-ஆம் கிரகோரியார் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது அழியாதிருந்த அவரது நாக்கைப் புனித பொனவெந்தூர் கையிலேந்தி இறைவனைப் புகழ்ந்தார் என்பது வரலாறு. அந்நாக்கு இன்றும் பேராலயத்தில் வணக்கத்திற்கு வைக்கப்பட்டிருக்கிறது.

பளிங்குச் சிற்பங்கள் சூழ்ந்த சிற்றாலயத்தில் கல்லறை அமைந்துள்ளது. திருப்பயணிகள் வரிசையாகச் சென்று அதன் பின்புறக் கற்பலகையில் உள்ளங்கையைப் பதித்து நின்று மன்றாடுகின்றனர். எத்தனையோ தலைமுறைக் கைகள் பட்ட கல் அது. அருகே, வரம் பெற்றோர் நன்றியாக விட்டுச் சென்ற நிழற்படங்கள்; குழந்தைகள், மணமக்கள், மருத்துவமனைக் கட்டிலில் கிடப்போர்.

அம்மா தம் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். அதில் 23 பெயர்கள். எங்கள் தெருவிலும் உறவிலும் உள்ளவர்கள், "அந்தோனியாரிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று ஒப்படைத்தவை. மணமாகாத பெண், மதுவை விடாத கணவன், கண்பார்வை மங்கிய முதியவர், காணாமற்போன மகன். கல்லில் ஒரு கையை வைத்து, மறுகையில் ஏட்டைப் பிடித்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். ஒரு பெயர், ஒரு குறை, ஒரு அருள்நிறை மந்திரம்.

நானோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜொத்தோ வரைந்த சுவரோவியங்கள் நிறைந்த ஸ்க்ரோவெஞ்னி சிற்றாலயத்திற்கு முன்பதிவு செய்திருந்தேன். அங்கே குறித்த நேரத்திற்குச் செல்லாவிடில் உள்ளே விடமாட்டார்கள். ஓவியங்கள் ஈரத்தால் கெடாதிருக்க, பார்வையாளரை முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் இருத்திய பிறகே உள்ளே அனுமதிக்கிறார்கள். ஏழாவது பெயர் முடிந்தபோது அம்மாவின் தோளைத் தொட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு என்னுடன் நடந்தார்.

ஓவியங்களைப் பார்த்தோம். ஏறக்குறைய 1305-இல் முடிந்த அச்சித்திரங்களில் அன்னம்மாளும் சுவக்கீனும் வாயிலில் சந்திக்கும் காட்சியும், இறந்த மகனின் முகத்தோடு தம் முகம் சேர்க்கும் அன்னை மரியாளின் துயரமும் கல்நெஞ்சையும் கரைப்பவை. பின்னர் வெரோனாவுக்கு விரைந்தோம். அங்குள்ள பழைய உரோமானியர் அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். அந்நகரின் காவலரான புனித செனோவின் பேராலயத்திற்குப் போக நேரமில்லை. அரங்கின் முன்னிருந்த கல்லிருக்கையில் அமர்ந்த அம்மா, காலைத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "இன்னும் பதினாறு பேர் பாக்கி" என்றார்.

அந்த நான்கு சொற்கள் என்னைத் தைத்தன. பதினாறு குடும்பங்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பைச் சுமந்து வந்தவரை, ஒரு முன்பதிவுச் சீட்டுக்காக நான் இழுத்து வந்துவிட்டேன். அன்றிரவு அறையில் அந்தத் தாளை மீண்டும் விரித்தேன். மறுநாள் ஒன்றே மிச்சம். பதுவைக்குத் திரும்பினால் இளமைமுதல் நான் காண ஏங்கிய முனிவரின் ஊர் போய்விடும். அங்கே சென்றால் அம்மாவின் பதினாறு பெயர்களும் பாக்கியாகவே நிற்கும்.

வழி சொன்னவள் என் துணைவி. வரைபடத்தைக் காட்டி, "வெனிஸிலிருந்து மிலான் செல்லும் இரயில் பாதை பதுவை வழியாகத்தானே போகிறது? முனிவர் ஊருக்கு இறங்க வேண்டிய தெசென்சானோ நிலையமும் அதே பாதையில்தானே? விடியலில் பதுவையில் இறங்கி, பிறகு மேலே போவோம். ரியேசேயையும் தீவையும் அடித்துவிடுங்கள்" என்றாள். அவ்வாறே செய்தோம்.

அந்தோனியார் பேராலயம் காலை 7 மணிக்கு முன்னரே திறக்கப்படுகிறது. நாங்கள் சென்ற வேளையில் கூட்டமே இல்லை. அம்மா எட்டாம் பெயரிலிருந்து தொடரவில்லை. முதல் பெயரிலிருந்தே மீண்டும் தொடங்கினார். நான் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். 23 பெயர்களும் முடிந்தபின் திருப்பலியும் கண்டோம். மொழி புரியாவிடினும் பலி ஒன்றேயன்றோ!

அங்கிருந்து மேற்கே, கார்தா ஏரிக்கரையிலுள்ள தெசென்சானோ. கஸ்திலியோனேவுக்கு இரயில் வராது. நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே வாடகைக் காரில் சென்றோம். நண்பகலில் போய்ச் சேர்ந்தபோது ஆலயம் சாத்தப்பட்டிருந்தது. இத்தாலியச் சிற்றூர்களில் நண்பகல் முதல் பிற்பகல் மூன்று மணி வரை ஆலயங்கள் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். முந்தைய நாளாயின் பதறியிருப்பேன். அன்று ஒரு மரநிழலில் அமர்ந்து ரொட்டியும் பாற்கட்டியும் உண்டு காத்திருந்தோம்.

அச்சிறிய ஊர் உலகுக்கு ஈந்த செல்வங்கள் மூன்று. முதலாவது, இளைஞர்களின் காவலர் புனித ஞானப்பிரகாசியார். 1568-இல் அவ்வூர்க் கோட்டையில் ஆட்சியாளரின் தலைமகனாகப் பிறந்து, பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்து, உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணி செய்து 1591-இல் 23 வயதில் உயிர்நீத்தவர். அவருடைய திருத்தலை அங்குள்ள பேராலயத்தில் வணங்கப்படுகிறது. இரண்டாவது, செஞ்சிலுவை எண்ணம். 1859 சூன் 24 அன்று அருகிலுள்ள சொல்ஃபெரினோவில் நடந்த பெரும்போரில் காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆலயங்களே மருத்துவமனைகளாயின. எந்நாட்டுப் போர்வீரராயினும் எல்லாரும் சகோதரரே என்று ஊர்ப்பெண்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்தனர். அதைக் கண்டு உடனுழைத்த ஹென்றி துனாந்தின் உள்ளத்தில் எழுந்த எண்ணமே 1863-இல் செஞ்சிலுவைச் சங்கமாக உருப்பெற்றது. இங்கே அதற்கோர் அருங்காட்சியகமும் உண்டு.

மூன்றாவது செல்வம் நமக்கு உரியவர். 1680 நவம்பர் 8 அன்று இங்கே பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, முப்பதாம் வயதில் கடல் கடந்து வந்து நம் வீரமாமுனிவரானார். ஜுசெப்பே என்றால் சூசை. தம் பெயருக்குரிய அப்புனிதரையே தலைவராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தந்தார், தொன்னூல் விளக்கம் இயற்றினார், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் கண்டார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவேயில்லை. அந்த மண்ணில் நின்றபோது, நம் மொழியின் எழுத்துகளைத் திருத்தித் தந்த விரல்கள் முதன்முதலாக எழுதுகோல் பிடித்தது இங்கேதான் என எண்ணி மெய்சிலிர்த்தேன்.

மூன்று மணிக்கு ஆலயம் திறந்தது. அம்மா முழந்தாளிட்டு, குறிப்பேட்டில் 24-ஆவதாக ஏதோ எழுதினார். என்னவென்று கேட்டேன். "அந்த முனிவரைப் பெத்தவளுக்காக. பிள்ளையை நமக்குக் கொடுத்தவளாச்சே" என்றார்.

பின்வருவோருக்குச் சில சொற்கள். பல திசைகளில் சிதறிய ஊர்களைத் தேர்ந்தெடுக்காமல், ஒரே இரயில் பாதையில் அமைந்தவற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு முதன்மையான இடமே போதும். மற்றது வழியில் கிடைத்தால் கொடை. உள்ளூர் இரயிலுக்கான காகிதச் சீட்டை ஏறுமுன் நிலையத்திலுள்ள கருவியில் முத்திரையிட மறவாதீர்கள். தவறினால் தண்டம் உண்டு. சிற்றூர் ஆலயங்களின் நண்பகல் மூடலைக் கணக்கில் கொள்ளுங்கள். முதியோருடன் சென்றால் நடைதூரத்தை அவர்கள் காலைக் கொண்டு அளவிடுங்கள். குழந்தைகளுடன் செல்வோர்க்கு இன்னொரு நாள் கிடைத்தால், ரியேசே ஏற்றது. சிறுவர் இளம்வயதிலேயே நற்கருணை பெற 1910-இல் வழிதிறந்த பத்தாம் பத்திநாதர் பிறந்த எளிய இல்லம் அங்கே இருக்கிறது.

நாங்கள் ஐந்து இடங்களுக்குத் திட்டமிட்டு மூன்றையே கண்டோம்; அவற்றுள் வெரோனாவைக் கண்டோம் என்பதும் பெயருக்கே. ஆயினும் ஊர் திரும்பியதும் அம்மா வீடுவீடாகச் சென்று, "உன் பேரை இரண்டு தடவை சொல்லியிருக்கேன்" என்று கூறியபோது அம்முகங்களில் மலர்ந்த மகிழ்ச்சியைக் கண்டேன். அப்பயணம் முழுமையாக நிறைவேறியது எங்கள் தெருவில்தான்.