மெலிவும் தெளிவும்

மெலிந்த பொருளுக்கென்று ஒரு கவர்ச்சி உண்டு. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் நின்று அலுவலகக் கடித உறை ஒன்றுக்குள்ளிருந்து ஒரு மடிக்கணினியை உருவி எடுத்துக் காட்டினார். அதுதான் முதலாவது மெக்புக் எயார். கைதட்டல் ஓய்ந்த பிறகு விபரங்களைப் பார்த்தால், அதில் இறுவட்டுச் செலுத்தி இல்லை, இருந்தது ஒரேயொரு யூ.எஸ்.பி. துளை, நினைவகத்தைப் பின்னர் கூட்டவும் முடியாது. விலை 1,799 டொலர். மெலிவைக் கேட்பவர் வேறெதையாவது விட்டுக் கொடுக்க வேண்டும் என்ற அந்தப் பேரம் இன்றும் மாறவில்லை. அந்தப் பேரம் சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

எங்கள் உம்மா அபாயா தைப்பவர். கல்முனையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து அவருக்கு வேலை வரும். இப்போது பாதிக்கு மேல் வொட்ஸ்அப்பில்தான் வருகிறது. மாதிரிகளைப் படம் பிடித்து, அளவாக வெட்டி, நிறம் சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு. நான் உயர்தரத்தில் சித்திரமும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் படிக்கிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. எனக்குப் பிறகு தங்கச்சி உயர்தரத்துக்கு வருவாள். ஆகவே வாங்கப்போகும் கணினி மூன்று பேருக்கு, குறைந்தது ஐந்து வருடங்களுக்கு உழைக்க வேண்டும்.

காக்கா கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கணினிதான் இதுவரை எங்களிடம் இருந்தது. அதன் திரையை நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சற்றுச் சரிந்து பார்த்தால் இன்னொரு நிறம். மெரூன் துணி அதில் செங்கல் நிறமாகத் தெரியும். ஒருமுறை மெரூன் கேட்ட ஒரு வாடிக்கையாளர், "படத்தில பாத்தது இது இல்லையே" என்று தைத்து முடித்த அபாயாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் உம்மாவின் நான்கு நாள் உழைப்பு இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல திரை என்பது ஆடம்பரப் பேச்சாக இருக்கவில்லை.

உம்மாவின் சீட்டு இந்த வருடம் விழுந்தது. இருபது பேர், ஆளுக்கு 20,000 ரூபா, மொத்தம் நான்கு இலட்சம். அந்தக் காசுக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று கணினி. மற்றது ஓவர்லொக் மெஷின். இதுவரை ஓரம் அடிக்க வேண்டிய துணிகளை உம்மா அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து அடித்து வருகிறார்.

வாப்பாவுடன் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கடைசியில் மூன்று கணினிகள் என் கணக்கில் நின்றன. முதலாவது, 1.2 கிலோ எடையுள்ள மெல்லிய கணினி. ஓ.எல்.ஈ.டி. திரை. விலை 395,000 ரூபா. இரண்டாவது, 1.6 கிலோ. நல்ல ஐ.பி.எஸ். திரை. விலை 270,000. மூன்றாவது 180,000 ரூபாவுக்கு மலிவாக இருந்தது. ஆனால் அதன் திரை 45 சதவீத என்.டி.எஸ்.சி. என்று விபரத்தாளில் இருந்தது. இணையப் படங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் எஸ்.ஆர்.ஜி.பி. நிற எல்லையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தையே அப்படிப்பட்ட திரை காட்டும். மெரூன் மீண்டும் செங்கல்லாகும். அதை உடனே ஒதுக்கினேன்.

ஓ.எல்.ஈ.டி. பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரணத் திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் பளிங்குகள் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும். முழுவதுமாக மறைக்க முடியாததால் கறுப்பு அங்கே கருஞ்சாம்பலாகிறது. ஓ.எல்.ஈ.டி. திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். கொடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்குப் பாதை போட்டது.

இதை வாசித்து அறிவது வேறு, கண்ணால் காண்பது வேறு. உம்மா தைத்த கறுப்பு அபாயா ஒன்றின் படத்தைக் கடையில் அந்தத் திரையில் திறந்து பார்த்தேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் செய்த பூ வேலை அது. எங்கள் பழைய திரையில் அந்தப் பூக்கள் தெரிந்ததே இல்லை. அந்தத் திரையில் ஒவ்வொரு இதழும், ஊசி ஏறி இறங்கிய இடமும் எழுந்து நின்றன. உம்மா இரவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்தது இதைத்தானா என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆனாலும் தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மறு தட்டில் முதலில் வைத்தவர் சாச்சா. சந்தையில் கைபேசியும் கணினியும் திருத்தும் கடை வைத்திருப்பவர். வீடியோ அழைப்பில் மொடல் இலக்கத்தைக் கேட்டுவிட்டு, "இதக் கழட்டினாலும் ஒண்டும் மாத்த ஏலா மகள். ரெம்மையும் போர்டோட ஒட்டித்தான் வச்சிரிக்கான்" என்றார். மெலிவாக்குவதற்காக நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். இன்று போதுமான நினைவகம் நான்கு வருடங்களில் போதாமல் போனால் தங்கச்சி என்ன செய்வாள்? இரண்டாவது கணினியிலோ மேலும் ஒரு நினைவகம் செருக இடம் இருந்தது.

அடுத்தது துளைகள். மெல்லிய கணினியில் இரண்டு டைப்-சி துளைகள் மட்டுமே. பாடசாலை எறிகருவிக்கு எச்.டி.எம்.ஐ. வேண்டும், பென் டிரைவுக்கு வழமையான யூ.எஸ்.பி. வேண்டும். இரண்டுக்கும் தனியாக ஓர் இணைப்பான் வாங்கிச் சுமக்க வேண்டும். அடுத்தது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. ஓ.எல்.ஈ.டி. கறுப்புப் பின்னணியில் மின்னைச் சேமிக்கும். ஆனால் நாம் குறிப்பு எழுதுவது வெள்ளைத் தாளில். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது அது சாதாரணத் திரையைவிடக் கூடுதலாகக் குடிக்கும். ஒரே உருவம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நின்றால் அதன் சாயல் திரையில் தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. புதிய திரைகளில் இது குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

எடையையும் நிறுத்துப் பார்த்தேன். வித்தியாசம் 400 கிராம். ஓர் இறாத்தல் பாணின் எடை 450 கிராம். பாணைவிடக் குறைந்த ஒரு சுமையை இறக்கி வைப்பதற்கு 125,000 ரூபா கொடுப்பதா? திரையையும் சேர்த்துத்தான் அந்த விலை என்பது நியாயமே. ஆனால் இரண்டாவது கணினியின் திரையும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்கள் முழுவதையும் காட்டியது. அங்கே மெரூன் மெரூனாகவே இருந்தது. கறுப்புப் பூக்களும் தெரிந்தன. எழுந்து நிற்கவில்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளரோ எப்படியும் தன் கைபேசியில்தான் படத்தைப் பார்ப்பார். நம் பக்கத்தில் நிறம் பிழையாமல் இருப்பதே எங்களுக்குத் தேவை.

பழுதானால் எங்கே போவது என்ற கேள்வியும் இருந்தது. உத்தரவாதம் இருந்தாலும் மெல்லிய கணினி கொழும்புக்குப் போய்த்தான் வர வேண்டும். இரவு பஸ் ஏறி விடியற்காலையில் இறங்கும் தூரம். இரண்டாவது கணினியில் நினைவகமோ பற்றரியோ போனால் சாச்சாவின் மேசையிலேயே வேலை முடியும்.

உம்மாவிடம் அழைத்துச் சொன்னபோது அவர் தராசைத் தூக்கவே இல்லை. "ஒங்களுக்குப் புடிச்சத எடுங்க மகள். மெஷின் பொறகு பாப்பம்" என்றார். மூன்று வருடங்களாக அந்த மெஷினுக்குப் 'பொறகு' என்றுதான் நாள் குறிக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். வாப்பா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் இரண்டாவதை எடுத்தேன்.

தியாகம் செய்தேன் என்று இதைச் சொல்ல மாட்டேன். அந்த மெல்லிய கணினி தரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். தனியாக உழைத்து, தனக்கென்று மட்டும் வாங்கி, ஊருக்கு ஊர் கொண்டு திரியும் ஒருவருக்கு அதுவே சரியானதாக இருக்கலாம். கடைக்காரரிடம் "எது நல்லது?" என்று கேட்டால் விலை கூடியதைத்தான் காட்டுவார். தோழியரே, நீங்கள் வாங்கப் போகும்போது வேறு கேள்விகளைக் கேளுங்கள். நினைவகம் கூட்டலாமா? திரை எஸ்.ஆர்.ஜி.பி.யில் எத்தனை சதவீதம்? என்னென்ன துளைகள் உண்டு? பழுதானால் எந்த ஊரில் திருத்துவார்கள்? விபரத்தாளைக் கேட்டு வாங்கி நீங்களே வாசியுங்கள். உங்கள் படத்தையே எடுத்துச் சென்று திரையில் போட்டுப் பாருங்கள்.

மீதிக் காசில் ஓவர்லொக் மெஷின் வந்துவிட்டது. நான் இரவில் குறிப்பு எழுதும்போது அடுத்த அறையில் அது கடகடவென்று ஓடுகிறது. பாடம் மனதில் பதியாத அளவுக்குச் சத்தம்தான். ஆனாலும் நிறுத்தச் சொல்லி நான் கேட்பதில்லை. மொறட்டுவைக்குப் போகும் நாள் வந்தால், இன்ஷா அல்லாஹ், அந்தக் கறுப்புப் பூக்களை எழுந்து நிற்க வைக்கும் ஒரு திரையை என் உழைப்பில் வாங்குவேன். அதில் முதலில் உம்மாவைத்தான் உட்கார்த்தி, அவர் கைவேலையை அவருக்கே காட்ட வேண்டும்.