தேய்ந்த பேடில் தெரிவது

சென்னை பாடியில் பிரேக்கையே தொழிலாகக் கொண்ட பெரிய ஆலைகள் இருக்கின்றன. பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது; சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பிறகு வந்தது. நான் தேடிப் போனது அதே பாடியில், உள்தெரு ஒன்றில் தகரக் கூரை போட்ட இருசக்கர வண்டிப் பட்டறை. பிரேக் செய்கிறவர்களைப் பற்றி எழுத ஆளுண்டு. அதை மாட்டுகிறவர்களைப் பற்றி எழுதுவாரில்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

பட்டறைக்காரர் ஐம்பதைக் கடந்தவர். உதவிக்கு ஐ.டி.ஐ. முடித்த இளைஞர். ‘அண்ணே’, ‘தம்பி’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். முன் பிரேக் பிடித்தால் கீச்சிடுகிறது என்று 150 சிசி பைக் ஒன்று வந்திருந்தது.

பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்பே தம்பி எலன் கீ போட்டுப் பேட் பின்னைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார். காலிப்பர் கைக்கு வந்துவிட்டால் அந்தப் பின்னைத் திருகப் பிடிமானம் கிடைக்காது. பழைய பேடுகள் இரண்டையும் செய்தித்தாளில் அருகருகே வைத்தார். ஒன்றில் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உராய்வுப் பொருள் மிச்சம். பிஸ்டன் பக்கத்துப் பேடிலோ இரும்புத் தகடே பளபளத்தது.

“ரெண்டும் ஒண்ணாத் தேயணும் சார். ஒண்ணு மட்டும் தேஞ்சா, காலிப்பர் நகரலைன்னு அர்த்தம்” என்றார் அண்ணன்.

இந்த வண்டியின் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது தன் பக்கத்துப் பேடை டிஸ்கில் அழுத்தும். உடனே காலிப்பர் முழுவதும் தன்னைத் தாங்கும் பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து எதிர்ப்பக்கத்துப் பேடை இழுத்துவரும். அந்தப் பின் இறுகினால் பாரம் ஒரே பேடின் தலையில் விழுகிறது. புதுப் பேடை மட்டும் மாட்டி அனுப்பினால் அதுவும் சீக்கிரமே இதே கதிக்கு வரும். பின்னை உருவியபோது கிரீஸ் காய்ந்து கறுத்திருந்தது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினார்கள். சாதாரண கிரீஸ் பட்டால் அங்குள்ள ரப்பர் உப்பிவிடும். இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கூலி பேசும்போது வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்காததும் இதைத்தான். எனக்குக் கோபம் வந்தது, அண்ணனுக்கு வரவில்லை.

வெளியே நீண்டிருந்த பிஸ்டனைச் சுத்தமாகத் துடைத்த பிறகே உள்ளே தள்ளினார்கள். அழுக்கோடு தள்ளினால் சீல் கெடும். தள்ளும்போது ஹேண்டில்பாரில் உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் மேலேறும். அது சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும் என்பதால் டேங்க்கின்மேல் துணி போர்த்தியிருந்தார்கள்.

வீட்டிலேயே பேட் மாற்றுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்லதுதான், தன் வண்டியைத் தானே தெரிந்துகொள்ளட்டும். ஆனால் ஒன்றை மட்டும் அண்ணன் அழுத்திச் சொன்னார்: “வேலை முடிஞ்சதும் லிவரை அடிச்சு அடிச்சு, கெட்டியாகுற வரைக்கும் வண்டிய நகத்தவே கூடாது.” பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் சில பிடிகளுக்குப் பிரேக்கே இருக்காது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகியிருக்கிறது. லிவரில் பிடிப்பு இல்லையென்றால் அந்த ஏ.பி.எஸ்.ஸாலும் காப்பாற்ற முடியாது.

என்னை அதிகம் உறுத்தியது தூசிதான். கம்ப்ரசர் காற்றால் காலிப்பரை ஊதும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஈரத்துணியால்தான் துடைக்கிறார்கள். பேடில் கலந்திருக்கக்கூடிய வெள்ளைக் கல்நாரை இந்தியா இன்னும் முழுமையாகத் தடை செய்யவில்லை. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு ஏடாவது உண்டு. பழைய பேடைக் கழற்றும் இந்தத் தம்பியின் நுரையீரலுக்கு எந்த ஏடும் கிடையாது. எந்தப் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

ஆகவே, கல்நார் கலக்காதது என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேடைத்தான் இந்தப் பட்டறையில் வாங்குகிறார்கள். விலை குறைவு என்று வாடிக்கையாளரே வேறு பேட் கொண்டுவந்தால், “இதை மாட்ட மாட்டோம் சார்” என்று தம்பியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.