ஈஜிபுராவில் ஒரு முழம் மல்லிகை

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ மூட்டை ஏற்றும் நண்பர் ஒருவர், "கட்டுறவங்களைப் பார்க்காம பூவைப் பத்தி என்னத்த எழுதப்போறீங்க?" என்று கேட்டு, தனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்தார். ஈஜிபுராவில், 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நின்ற மேம்பாலத் தூண்களைத் தாண்டினால் அந்தச் சந்து.

வாசற்படியில் ஈரத்துணி மேல் மல்லிகை மொட்டு குவிந்திருந்தது. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வைக்கிறார். நூல் ஒரு சுற்று. பிறகு ஒரு வளையம். இழுத்தால் கண்ணி விழுந்துவிடுகிறது. அந்த வளையம் விரலில் எப்போது உருவாகிறது என்பது கடைசிவரை என் கண்ணுக்குச் சிக்கவில்லை. அக்காவோ கையைப் பார்ப்பதே இல்லை. அடுப்பில் உலையைப் பார்க்கிறார், பேரனை அதட்டுகிறார், சரம் மட்டும் மடியில் நீண்டுகொண்டே போகிறது.

"இறுக்கினா காம்பு அறுந்துடும் தம்பி. தளர விட்டா பூ உதிர்ந்துடும்."

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வித்தை. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக இறுகி நிற்பதால் சரத்தை எந்த இடத்தில் அறுத்தாலும் மிச்சம் பிரியாது. முழம் போட்டு விற்க முடிவதே அதனால்தான். காலையில் மூடிய மொட்டாகக் கட்டியது, யாரோ ஒரு பெண்ணின் கூந்தலில் சாயங்காலம் விரிகிறது. மலரும்போது பருக்கிற பூவுக்கும் அந்த முடிச்சில் இடம் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி இரவில் திகளர் சமூகத்தார் சுமந்துவரும் பெங்களூரு கரகத்தை மூடும் மல்லிகையை ஊரே கும்பிட்டுப் பார்க்கிறது. அதே வியப்போடு இந்த வாசற்படியையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா கல்யாணமாகித் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர். இங்கே அவர் வாழ்ந்த ஏழைகள் குடியிருப்பில் 2007-இல் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. பிறகு தகரக் கொட்டகை. 2013 ஜனவரியில் ஜேசிபி வந்து அதையும் தள்ளியது. வணிக வளாகத் திட்டத்துக்கு இடம் வேண்டியிருந்தது. சிலரை நகருக்கு வெளியே சூளிகுண்டேவுக்கு அனுப்பினார்கள். அக்கா போகவில்லை. "அங்க பூ யாரு கொண்டாந்து போடுவா?" பாத்திரம் பண்டமெல்லாம் தெருவில் கிடக்க, நடைபாதையில் உட்கார்ந்து அன்றைக்கும் பூக் கட்டியிருக்கிறார்.

பூவைக் கொண்டுவந்து போடும் ஏஜெண்ட் கட்டுக்கூலியை எடைக்குக் கணக்குப் பார்க்கிறார். பூவை வாங்குபவர்கள் முழத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். எடைக்கும் முழத்துக்கும் நடுவே இருக்கும் பணம் அக்காவின் கைக்கு வருவதில்லை. தெருமுனையில் விற்கும் நாத்தனாரின் பாடு வேறு. விடிகாலையில் 900 ரூபாய் கடன், இருட்டுவதற்குள் 1,000 ஆகத் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 11 சதவீதம்! மாதச் சம்பளக்காரருக்கு வங்கி ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் கேட்கிறது. இதைக் கொள்ளை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? 2018-இல் கர்நாடக அரசின் 'படவர பந்து' கடன் திட்டம் வந்தது, 2020-இல் மத்திய அரசின் 'ஸ்வநிதி' கடன் திட்டம் வந்தது. இரண்டுமே தெரு வியாபாரிகளுக்கு. வீட்டுக்குள் உட்கார்ந்து கட்டுகிறவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அந்தப் பூ தெருவுக்கு வருவதே இவர் கையால்தானே!

பண்டிகை நாளில் கூலி கூடுமா என்று கேட்டேன்.

"வரலட்சுமி நோன்பன்னிக்கு வந்து பாருங்க. பூ வெலை ஏறும், மூட்டை ஏறும், ராத்திரி தூக்கம் போகும். கூலி அதேதான்" என்றார், அடுத்த நான்கு மொட்டை எடுத்துக்கொண்டே.