பூண்டுப்பாலும் ஒரு மாத்திரையும்

நமது பங்கு இல்லத்துச் சமையலறையில் இரவு எட்டு மணிக்குப் பூண்டுப்பால் காயும் மணம் எழும். நான்கு பல் பூண்டை நசுக்கி, பாலும் நீரும் சமமாய்ச் சேர்த்து, நீர் வற்றும்வரை காய்ச்சி, சிட்டிகை மஞ்சளும் மிளகுப் பொடியும் இட்டுப் பருகுவது நம் அன்னையார் வீட்டு வழக்கம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நமது இரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொழுப்பு 262 என்றும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 178 என்றும் கண்டு திகைத்த நாளன்று, மறந்துபோன அவ்வழக்கத்துக்கு மீண்டோம்.

மருத்துவர் இரவில் உண்ண ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார். அதையும் தவறாது உட்கொண்டோம். பொரித்த நெத்திலியையும், பங்கு விழாதோறும் மறுக்க மறுக்க இலையில் வந்து விழும் ஆட்டிறைச்சியையும் குறைத்தோம். காலையில் ஓட்ஸ் கஞ்சி, ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி, வாரம் மூன்று நாள் வாழைத்தண்டுப் பொரியல், மாலையில் கல்லறைத் தோட்டம்வரை நடை. நான்கு மாதங்களில் எல்.டி.எல். 96க்கு இறங்கியது.

அவ்வாண்டு அக்டோபரில், மருத்துவர்களின் பாதுகாவலராகிய புனித லூக்காவின் திருநாளையொட்டி வந்த ஞாயிறன்று, சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மறையுரை ஆற்றினோம். நிலத்தில் விளையும் மருந்துகளைப் பற்றி அங்கே சொல்லப்பட்டிருப்பதை விரித்து, பூண்டையும் வெந்தயத்தையும் மருதம்பட்டையையும் புகழ்ந்து, நமது பரிசோதனைத் தாளின் இரண்டு எண்களையும் சான்றாகக் கூறினோம். மக்கள் மகிழ்ந்து கேட்டனர். மாத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் நம் வாயில் வரவில்லை. மறைக்க எண்ணினோம் என்றும் சொல்வதற்கில்லை. அம்மறையுரைக்கு மாத்திரை அழகு சேர்க்கவில்லை, அவ்வளவே. அதே அதிகாரம் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. அந்தப் பகுதியையும் தாண்டிச் சென்றுவிட்டோம்.

முன்வரிசையில் நமது உபதேசியார் அமர்ந்திருந்தார். 2019ஆம் ஆண்டில் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்றவர். ஏழு மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலை, மணியடிக்க வந்தவர் மணிக்கூண்டுப் படியில் நெஞ்சைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். சட்டை முழுதும் வேர்வை. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க நாற்பது நிமிடமாயிற்று. அந்நாற்பது நிமிடத்தில் நாம் எதைச் செபித்தோம் என்பது இன்றும் நினைவில் இல்லை. பிழைத்துக்கொண்டார். கொழுப்பு மாத்திரையை எப்போது நிறுத்தினீர் என்று மருத்துவர் வினவ, அவர் சற்றும் தயங்காமல், “சாமி பூண்டப் பத்திப் பிரசங்கம் வச்ச அன்னைக்கு” என்றார். நாம் கட்டிலருகே நின்றிருந்தோம். இது ஒன்றே காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என மருத்துவர் கனிவோடு கூறினார். அக்கனிவு நமக்கு ஆறுதலாக இல்லை.

குருமடத்தில், ஒரு கூற்றை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன் அதைப் பிரித்தறிய வேண்டுமென்று எமக்குக் கற்பித்தார்கள். அப்பாடத்தை இறையியலுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம் போலும். அதன்பின்னரே இப்பொருளைப் பற்றித் தேடிப் படித்தோம்.

நம் குருதியிலுள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலும் உணவிலிருந்து வருவதன்று. கல்லீரலே அதைச் செய்கிறது. ஓட்ஸ், வெந்தயம் போன்றவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பற்றி வெளியேற்ற, இழந்த பித்தத்தை மீண்டும் ஆக்கக் கல்லீரல் குருதியிலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ஆக, கஞ்சி பயனற்றதன்று. எனினும் ஓட்ஸ் நாரை நாள்தோறும் 3 கிராம் உண்டால் எல்.டி.எல். நூற்றுக்கு ஐந்து அளவில் குறையும். ஸ்டாட்டின் வகை மாத்திரையோ நூற்றுக்கு முப்பதுக்கு மேலும் குறைக்க வல்லது. நமது 178ஐ 96 ஆக்கியதில் பெரும்பங்கு எதற்குரியது என்பதை அறியக் கணக்காசிரியர் தேவையில்லை.

பூண்டின் செய்தி நம்மை இன்னும் நாணச் செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 192 பேரைக் கொண்டு ஆறு மாதம் ஆய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். சிலருக்குப் பச்சைப் பூண்டையே ரொட்டிக்கிடையே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்.டி.எல். குறையவில்லை. ஆயுர்வேதத்தில் பெயர்பெற்ற குக்குலு என்னும் மரப்பிசினை 103 பேரைக் கொண்டு எட்டு வாரம் ஆய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவிலோ, எல்.டி.எல். சற்றே கூடியிருந்தது.

இயற்கை மருந்து ஒருபுறம், இரசாயனம் மறுபுறம் என்று நாம் மேடையில் நிறுத்திய எதிரெதிர்ப் படைகளும் நிலைக்கவில்லை. ஸ்டாட்டின் மருந்தை முதன்முதல் 1973இல் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிவியலறிஞர் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்தபின், அரிசியிற் பூத்த பூஞ்சை ஒன்றிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்தார். நிலத்தின் விளைச்சலென்று நாம் புகழ்ந்தவற்றின் வரிசையில், நாம் விழுங்கிக்கொண்டே மறந்த மாத்திரைக்கும் இடமிருந்தது!

உபதேசியார் வீடு திரும்பிய ஞாயிறன்று வாசக மேடையில் நமது மாத்திரை அட்டையை உயர்த்திக் காட்டி, நடந்ததைச் சொன்னோம். முன்வரிசைச் சிறுவர் சிலர் சிரித்தனர். அன்று மாலைக்குள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் பெண்கள் இருவரும் தனித்தனியே வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்லிச் சென்றனர். ஒருவர் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லையாம். மூவரையும் மறுநாளே மருத்துவரிடம் அனுப்பினோம்.

பூண்டுப்பாலை நாம் நிறுத்தவில்லை, சுவைக்காகப் பருகுகிறோம். குருதி உறையாதிருக்க மாத்திரை உண்பவர் பூண்டை மருந்தளவில் உண்பதற்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டுமென்று சொல்லப்பட்டதால், உபதேசியாருக்கு மட்டும் பூண்டில்லாத பால். இரவுச் செபம் முடிந்து கோயிற் கதவைப் பூட்டிச் சாவியை நம்மிடம் தரும்போது அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சாமி, போட்டாச்சா?”

“போட்டாயிற்று. நீர்?” என்போம். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, காலியான குழியை விளக்கு வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் போவார்.