பொட்டு

அறிக்கையில் ‘டி315ஐ’ என்று இருந்தது. பதினைந்து வருடம் ஆய்வுகூடத்தில் புரதங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை.

அம்மாவுக்கு வந்தது நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டியதில் பிறந்த புரதம் ஒன்று, வெண்குருதிக் கலங்களைப் பெருகச் சொல்லி ஓயாமல் ஏவுகிறது. அதன் எடை ஏறக்குறைய 210,000 டால்டன். ஆறு வருடம் அதை அடக்கிவைத்த இமாட்டினிப் வெறும் 494 டால்டன்.

பூட்டும் திறப்பும் என்றுதான் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். பாதி உண்மை. புரதம் இரும்புப் பூட்டல்ல, அசைந்துகொண்டே இருக்கும். அது வேலையில்லாமல் மடங்கியிருக்கும் தருணத்தில் இமாட்டினிப் உள்ளே நுழைந்து அப்படியே பிடித்துக்கொள்கிறது. சக்தி தரும் ஏடிபிக்கு இடமில்லை, ஏவல் நிற்கிறது. அந்தப் பிடியில் ஒரு ஐதரசன் பிணைப்பு 315ஆம் இடத்துத் திரியோனினோடு. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அங்கே இப்போது ஐசோலூசின். பிணைப்புக்கு ஒட்சிசன் இல்லை, உடம்பும் பருமன்.

“ஆறு வருசம் கேட்ட மருந்து ஏன் பிள்ளை இப்ப கேக்குதில்லை? பொங்கலுக்கு ரெண்டு நாள் குளிசை போட மறந்தனான். அதாலையோ?”

அந்த இரண்டு நாளை அவர் எவ்வளவு காலம் சுமந்தாரோ.

“இல்லையம்மா. எங்கடை வேலியிலை பொட்டு இருந்ததெல்லே? பக்கத்திலை நிண்ட பூவரசு பருத்து மறிச்சுப்போட்டுது எண்டு வையுங்கோ.”

“அப்ப சுத்தித்தான் போகவேணும்.”

“பொனாட்டினிப் எண்டு ஒண்டு இருக்கு. அதுக்கு இடுப்பு மெலிவு.”

பொய்யில்லை. நடுவில் மும்மைப் பிணைப்பால் இணைந்த இரண்டு காபன்கள், ஈர்க்குப்போல. ஐசோலூசினை உரசாமல் போகத்தான் அப்படிச் செய்தார்கள்.

அம்மா யோசித்தார். “பொட்டுக்குள்ளாலை போனால் சட்டை கிழியும். இது என்னத்தைக் கிழிக்கும்?”

என் மாணவர் ஒருவரும் கேட்காத கேள்வி. இரத்தக் குழாய்களைப் பேணும் வேறு புரதங்களையும் பொனாட்டினிப் பிடிக்கும். நாடிகள் அடைபடுவதாகத் தெரிந்து, 2013இல் அமெரிக்காவில் அதன் விற்பனையைச் சில வாரங்கள் நிறுத்தியும் வைத்தார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “இப்ப எவ்வளவு எண்டு பார்” என்றார்.